சுங்கை சிப்புட்: செம்பனை ஆலை வேபிரிட்ஜ் கம்ப்யூட்டரில் கிடந்த பெயரில்லாத கார்டு. என்ன இது, எப்படிச் சரி செய்வது?

பழையபெட்டி_சிப்புட்
வணக்கம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை ஆலையின் வேபிரிட்ஜ் (லோரி எடைமேடை) ஆபீஸில் ஓடிய எக்ஸ்டி (1980களின் ஐபிஎம் பிசி வகை) கம்ப்யூட்டர் கைக்கு வந்திருக்கிறது. 8088 பிராசசர், 640 கே நினைவகம், டாஸ் 3.3. பழக்குலை லோரிகளை எடை போட இதைத்தான் பயன்படுத்தினார்கள். கார்டை எடுத்துவிட்டால் பெட்டி நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு கார்டைப் போட்டால் மட்டும் மின்வழங்கியின் விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது.

கார்டில் கம்பெனி பெயரோ எஃப்சிசி (அமெரிக்க அனுமதி) எண்ணோ எதுவும் இல்லை. 8-பிட் விளிம்பு. 40 கால் சிப் ஒன்று, அதன் மேலெழுத்து முழுக்கச் சுரண்டப்பட்டிருக்கிறது. 74எல்எஸ்245, 74எல்எஸ்688, 74எல்எஸ்125, 1488, 1489 ஒவ்வொன்று. 8 கால் சிறு சிப்கள் இரண்டு, 7 விசை டிப் சுவிட்ச், மூன்று ஜம்பர், மஞ்சள் சொட்டுக் கப்பாசிட்டர்கள் நான்கு, பின்னால் 25 கால் டி-வடிவ இணைப்பி. கார்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் நார்த் தூசியும். எங்கிருந்து தொடங்குவது?

ஈயப்பற்று
தம்பி, முதலில் அந்தக் கார்டைத் திரும்ப ஸ்லாட்டில் போடாதீர்கள். விசிறி துள்ளி நிற்கிறது என்றால் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் அப்படியே காக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காக்கத் தவறினால் கார்டின் செப்புத் தடம் எரியும், சில நேரம் மதர்போர்டின் தடமும் சேர்ந்து போகும்.

கார்டை மேசையில் வைத்து மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். சிப்கள் இருக்கும் பக்கம் ஏ, ஈயம் வைத்த பக்கம் பி. பின் தகட்டுக்கு அருகில் இருப்பதுதான் 1ஆம் கால். பி1, பி10, பி31 மூன்றும் தரை (கிரவுண்ட்). பி3, பி29 இரண்டும் +5 வோல்ட். பி5 என்பது −5, பி7 என்பது −12, பி9 என்பது +12. தரைக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் இடையே எவ்வளவு ஓம் என்று அளந்து போடுங்கள். மீட்டர் முனைகளை இடம் மாற்றி இன்னொரு முறையும் அளக்க வேண்டும்.

அதோடு, 40 கால் சிப்பின் எந்தக் கால் தரைக்கும் எந்தக் கால் +5க்கும் போகிறது என்று பாருங்கள். எழுத்தைச் சுரண்டியவரால் அதை மறைக்க முடியாது.

கிள்ளான்_மின்னணு
688 முகவரி ஒப்பிடும் சிப், 245 தரவுத் தாங்கி, பக்கத்தில் 40 கால் சிப். இந்த அமைப்பு பெரும்பாலும் 8255 உள்ளீடு-வெளியீட்டுக் கார்டாகத்தான் இருக்கும். வேபிரிட்ஜில் சிவப்பு, பச்சை விளக்கு, தடுப்புக் கம்பி எல்லாம் இயக்க வேண்டும் அல்லவா? 8 கால் சிப்கள் ஒளி இணைப்பியாக (குறியை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) இருந்தால் அதற்கும் பொருந்துகிறது.

பழையபெட்டி_சிப்புட்
அளந்தவை:
+5 முதல் தரை: 340 ஓம், திருப்பினால் கொஞ்சம் மாறுகிறது.
+12 முதல் தரை: 1.8 ஓம், இரு பக்கமும் அதேதான்.
−12 முதல் தரை: பல ஆயிரம் ஓம்.
−5: எதற்கும் போகவில்லை.
40 கால் சிப்பில் 20ஆம் கால் தரை, 40ஆம் கால் +5. அதன் பக்கத்தில் உலோக மூடி போட்ட படிகம், 1.8432 என்று எழுதியிருக்கிறது. 8 கால் சிப் இரண்டிலும் 6என்138.

ஈயப்பற்று
இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

அண்ணன் சொன்ன 8255க்குத் தரை 7ஆம் கால், +5 என்பது 26ஆம் கால். அதனால் இது அதுவல்ல. இசட்80 ஆக இருந்தால் 29ம் 11ம். 6522, 6821 இரண்டுக்கும் 1ம் 20ம். மூலைக்கு மூலை 20ம் 40ம் வருகிற சிப்கள் பல உண்டு. ஆனால் பக்கத்தில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகமும், ஆர்எஸ்-232 (வழக்கமான தொடர் இணைப்பு) குறியை அனுப்பும் 1488, பெறும் 1489ம் இருக்கும்போது அது 8250 குடும்பத்துத் தொடர் தொடர்பு சிப். 8250, 8250ஏ, 16450 என்று எதுவாகவும் இருக்கலாம். படிகத்தின் எண்தான் பெரிய சாட்சி. 1.8432 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுத்தால் 1,15,200. அதை 12ஆல் வகுத்தால் 9600 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), 96ஆல் வகுத்தால் 1200 பாட். மீதி வராமல் வழக்கமான வேகங்கள் கிடைப்பதற்காகவே தேர்ந்த எண் அது. 18.432 படிகம் போட்ட கார்டுகளும் உண்டு. அவற்றில் பத்தால் வகுக்கும் சிப் ஒன்று கூடவே இருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் படிகத்தின் கால்கள் சிப்பின் 16, 17க்குப் போகின்றனவா, 11ஆம் கால் 1488 பக்கம் போகிறதா, 10ஆம் கால் 1489 பக்கத்திலிருந்து வருகிறதா என்று தொடர்ச்சி பாருங்கள். 30ஆம் கால், அதாவது பிராசசரை அழைக்கும் குறுக்கீட்டுக் குறி (ஐஆர்கியூ), 74எல்எஸ்125 வழியாக ஜம்பருக்குப் போய் அங்கிருந்து பி24 அல்லது பி25ஐத் தொட வேண்டும். பி24 ஐஆர்கியூ 4, பி25 ஐஆர்கியூ 3.

6என்138 என்ற ஒளி இணைப்பிகள் இரண்டும் ஏன் என்றால், இது வெறும் ஆர்எஸ்-232 கார்டு இல்லை. மின்னோட்டத்தை ஓட்டியும் நிறுத்தியும் தரவு அனுப்பும் 20 மில்லியாம்ப் மின்னோட்ட வளையமும் சேர்த்து வைத்த கார்டு. எடைமேடையின் இண்டிகேட்டர் (எடை காட்டும்) பெட்டி ஆபீஸிலிருந்து தள்ளி இருக்கும். ஆர்எஸ்-232ஐ நீளமான கேபிளில் நம்ப முடியாது. வளையத்தில் வோல்டேஜ் எவ்வளவு விழுந்தாலும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே. அதனால்தான் ஆலைகளில் இதை விரும்பினார்கள்.

பழுது +12 தடத்தில். 1.8 ஓம் என்பது முழுக் குறுக்குச் சுற்று.

பிசிபி_மலர்
அந்த மஞ்சள் சொட்டுகள் டாண்டலம் கப்பாசிட்டர்கள். +12 தடத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள், அதன் மேல் 16 வோல்ட் என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பழைய கார்டுகளில் 12 வோல்ட் தடத்துக்கு 16 வோல்ட் டாண்டலம் போடுவது வழக்கம். காகிதத்தில் சரியாகத் தெரியும். ஆனால் டாண்டலத்துக்கு எழுதிய அளவில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதுதான் நல்ல நடைமுறை. பல வருடம் சும்மா கிடந்த பின் திடீரென்று மின்சாரம் ஏறும்போது உள்ளே உள்ள ஆக்சைடு படலம் துளைபட்டு, குறுக்குச் சுற்றாகவே நின்றுவிடும்.

கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். மேசை மின்வழங்கியில் 1 வோல்ட், வரம்பு 1 ஆம்பியர் வைத்து +12க்கும் தரைக்கும் கொடுங்கள். 1 வோல்ட்டில் 1488க்கு ஒன்றும் ஆகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லத் தடவினால் சூடாகும் பாகத்தின் மேல் முதலில் உலரும். மின்வழங்கி இல்லை என்றால் மீட்டரின் மிகச் சிறிய ஓம் நிலையில் ஒவ்வொரு கப்பாசிட்டர் காலிலும் வைத்துப் பாருங்கள். 1.8ஐ விடக் குறையும் இடம் பழுதுக்கு அருகில்.

எடுத்த பின் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம்: டாண்டலத்தில் குறியிட்ட கால் நேர்முனை. அலுமினிய மின்பகு கப்பாசிட்டரில் கோடு போட்ட கால் எதிர்முனை. இரண்டையும் குழப்பிப் போட்டால் புதிய டாண்டலம் தீப்பிடித்தே வெடிக்கும். பலகையின் வெள்ளை எழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம், எது பி9க்குப் போகிறது என்று அளந்து முடிவு செய்யுங்கள். 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் அல்லது 35 வோல்ட் போதும். 22 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் அலுமினியம் போட்டாலும் இந்த இடத்தில் குறையில்லை. −12 தடத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அங்கே நேர்முனை தரைக்குப் போகும், பலர் தடுமாறுகிற இடம் அது.

கிள்ளான்_மின்னணு
20ம் 40ம் என்றால் 8255 இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பாகங்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் போனால் கப்பாசிட்டர், சாக்கெட் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். 6என்138 ஆன்லைனில் வாங்கினால் எழுத்து மாற்றி அச்சடித்தது வரலாம், வந்ததும் சோதியுங்கள்.

விளிம்புக் கால்களை வெள்ளை அழிப்பானால் தேய்த்துவிடுங்கள், பளிச்சென்று ஆகும்.

பிசிபி_மலர்
அழிப்பானுக்கு நான் உடன்படமாட்டேன் அண்ணே. தங்கப்பூச்சு மிக மெல்லியது. மையழிக்கும் கரடுமுரடான ரகம் கையில் அகப்பட்டால் பூச்சு போய் நிக்கல் தெரியும், நம் ஈரப்பதத்தில் அது மறுபடி மறுபடி கறுக்கும். முதலில் 99 விழுக்காடு ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்), பஞ்சு நுனி, விளிம்புக் கால்களின் நீளவாக்கில். போகாத கறைக்கு மட்டும் மென்மையான அழிப்பான், ஓரிரு இழுப்பு. மணல்தாள் என்ற பேச்சே வேண்டாம்.

இந்தக் கார்டுக்கு ஐபிஏ மட்டும் போதாது. ஆலை எண்ணெய்ப் பிசுக்கை ஐபிஏ பரப்பி விடுமே தவிர முழுக்க எடுக்காது. வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல்தூரிகை, பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசல், கடைசியில் ஐபிஏ. டிப் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், உள்ளே சோப்பு நீர் போனால் வெளியே வராது. 50 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைத்தால் மேல்புறம் உலர்ந்த மாதிரி இருக்கும், சாக்கெட்டுகளுக்கு அடியில் ஈரம் நிற்கும்.

பழையபெட்டி_சிப்புட்
கழுவிக் காய வைத்தாயிற்று. +12 தடத்தில் இருந்தது 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் டாண்டலம்தான். எடுத்ததும் 1.8 ஓம் மறைந்து பல ஆயிரம் ஓம் காட்டுகிறது. +12, −12 இரண்டிலும் 35 வோல்ட் போட்டேன். இப்போது கார்டோடு பெட்டி எழுகிறது, டாஸ் வருகிறது.

ஆனால் டாஸின் டீபக் நிரலில் காம்1, காம்2 தொடர் போர்ட்டுகளின் முகவரிகளான 3எஃப்8, 2எஃப்8 வரிசைகளைப் படித்தால் எல்லாமே எஃப்எஃப் (16 அடிமான எண்கள்). டிப் சுவிட்சில் 2ஆவதும் 6ஆவதும் ஆன், மற்றவை ஆஃப்.

ஈயப்பற்று
எஃப்எஃப் என்றால் அந்த முகவரியில் பதில் சொல்ல ஆள் இல்லை. பெட்டி எழுவதால் 245 மதர்போர்டின் தரவுத் தடத்தைப் பிடித்து இழுக்கவில்லை என்பதும் தெரிகிறது. 245இன் 19ஆம் கால் எப்போதும் தாழ்வாக மாட்டிக்கொண்டிருந்தால் திரையே வராது.

இப்போது முகவரியைக் கணக்குப் போடுங்கள். விளிம்பில் ஏ31 முகவரி 0, அங்கிருந்து மேலே எண்ணினால் ஏ28 முகவரி 3, ஏ22 முகவரி 9. தொடர் சிப்புக்கு எட்டு முகவரி தேவை, ஆக 0, 1, 2 நேராகச் சிப்புக்குப் போகும். 3 முதல் 9 வரை உள்ள ஏழு கோடுகள் 688க்குப் போகும். அதனால்தான் ஏழு விசை. எட்டாவது ஒப்பீட்டில் அல்லது 1ஆம் காலில் ஏஇஎன் (முகவரி கார்டுக்குச் செல்லுமா என்று சொல்லும் குறி) இருக்கும், அது விளிம்பில் ஏ11.

688இன் கால்கள் ஜோடியாக வரும்: 2-3, 4-5, 6-7, 8-9, 11-12, 13-14, 15-16, 17-18. ஜோடியில் ஒன்று விளிம்புக்கு, மற்றொன்று சுவிட்சுக்கும் மேலிழுக்கும் ரெசிஸ்டருக்கும். எந்த விசை எந்த முகவரிக் கோட்டோடு ஜோடி என்று தொடர்ச்சி பார்த்தால் அட்டவணை தானாக வந்துவிடும். விசை ஆன் என்றால் தரை, அதாவது 0. எல்லாம் ஆஃப் என்றால் 3எஃப்8.

பழையபெட்டி_சிப்புட்
விசை 1 முகவரி 9, விசை 2 முகவரி 8, அப்படியே இறங்கி விசை 7 முகவரி 3. 2ம் 6ம் ஆன் என்றால் முகவரி 8ம் 4ம் பூஜ்யம். கணக்குப்படி 2இ8, காம்4. அங்கே படித்தாலும் எஃப்எஃப்தான் வருகிறது.

ஈயப்பற்று
கார்டை எடுத்து, ஆன் நிலையில் விசை 2, விசை 6 இரண்டின் ஓமையும் அளந்து பாருங்கள். அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். அளந்த பிறகு கார்டைப் போட்டு 3இ8, 2எஃப்8, 3எஃப்8 மூன்றிலும் வரி நிலைப் பதிவேட்டை, அதாவது அடிப்படை முகவரி + 5ஐப் படியுங்கள். உயிருள்ள 8250, ரீசெட் ஆன பிறகு அங்கே 60 காட்டும்.

பழையபெட்டி_சிப்புட்
விசை 6 சரி. விசை 2 ஆன் நிலையில் 4,000 ஓமுக்கு மேல்! 3இடியில் (3இ8 + 5) படித்தால் 60 வருகிறது.

ஈயப்பற்று
அங்கேதான் கார்டு ஒளிந்திருந்தது. மேலிழுக்கும் ரெசிஸ்டர் 4.7 கிலோஓம், துருவேறிய விசை 4 கிலோஓம். நடுவில் 2 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எல்எஸ் வகை சிப்புக்கு 0.8க்குக் கீழே வந்தால்தான் உறுதியாக 0. இதை 1 என்று எடுத்துக்கொண்டது, முகவரி 2இ8இலிருந்து 3இ8க்குத் தாவிவிட்டது. காண்டாக்ட் கிளீனர் அடித்து விசையை இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். நான் என்றால் சுவிட்சையே மாற்றுவேன். ஈரப்பதம் உள்ளே புகுந்த டிப் சுவிட்ச் சில மாதம் கழித்து மீண்டும் அதே வேலையைக் காட்டும். 7 விசை கிடைக்காவிட்டால் 8 விசையை வாங்கி, உபரிக் கால்களை வெட்டிப் பொருத்தலாம், இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றிய பின் டீபக்கில் வரிசையாக (ஓ எழுதும், ஐ படிக்கும்):
ஓ 2இபி 80
ஓ 2இ8 0சி
ஓ 2இ9 00
ஓ 2இபி 03
ஓ 2இசி 10
ஓ 2இ8 55
ஐ 2இ8
முதல் நான்கு வரி 9600 பாட், 8 பிட். ஐந்தாவது வரி சிப்பை, அனுப்பியதைத் தானே திரும்பப் பெறும் உள்வளையத்தில் போடுகிறது. கடைசி வரி 55 காட்டினால் சிப், படிகம், 245, முகவரிப் பகுதி அத்தனையும் நலம். ஏஏ அனுப்பியும் ஒருமுறை பாருங்கள், ஒட்டிக்கொண்ட தரவுக் கோடு அப்போதுதான் தெரியும். ஓ 2இஎஃப் 5ஏ கொடுத்துத் திரும்பப் படித்து 5ஏ வந்தால் 8250ஏ அல்லது 16450. முதல் தலைமுறை 8250இல் அந்தப் பதிவேடு கிடையாது. படிப்பதற்கு முன் நடுவில் வேறொரு முகவரியைப் படித்துவிடுங்கள், தடத்தில் தங்கிய பழைய மதிப்பு ஏமாற்றும்.

பழையபெட்டி_சிப்புட்
சுவிட்ச் புதிது. உள்வளையத்தில் 55ம் ஏஏயும் சரியாகத் திரும்புகின்றன, 5ஏவும் நிற்கிறது. ஆனால் வெளியே 25 கால் இணைப்பியில் மின்னோட்ட வளையத்தை அனுப்புவது-பெறுவது சேர்த்துக் கட்டினால் ஒன்றும் வருவதில்லை. ஆர்எஸ்-232 பக்கம் ஜம்பரை மாற்றி 2ம் 3ம் சேர்த்தால் வேலை செய்கிறது.

பிசிபி_மலர்
அப்படியென்றால் 1488, 1489 நலம். பழுது ஒளி இணைப்பியில். மீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொரு 6என்138இலும் 2ஆம் காலில் சிவப்பு, 3ஆம் காலில் கறுப்பு. 1.1 முதல் 1.4 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இரு பக்கமும் திறந்த சுற்று என்றால் உள்ளே உள்ள எல்இடி அறுந்துவிட்டது. வெட்ட வெளியில் ஓடும் எடைமேடை கேபிளில் மின்னல் பாய்ச்சல் வரும்போது முதலில் போவது இதுதான். மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். அந்த எல்இடி தாங்கும் எதிர்திசை வோல்டேஜ் வெறும் 5.

மாற்றாக 6என்139 அப்படியே பொருந்தும். 6என்137ஐப் போடாதீர்கள், உருவம் ஒன்றானாலும் 7ஆம் காலின் வேலை வேறு. பழையதை வெட்டி, காலை ஒவ்வொன்றாக 350 பாகை இரும்பில் எடுங்கள். முழுசாகப் பிடுங்க முயன்றால் துளையின் உட்பூச்சு கிழிந்து வரும். அந்த இடத்தில் சாக்கெட் வையுங்கள், அடுத்த மின்னலுக்கு வேலை மிச்சம்.

ஈயப்பற்று
அலைநோக்கி இல்லாமல் வளையத்தைச் சோதிக்கும் வழி இது. மில்லியாம்ப் மீட்டரை அனுப்பும் வளையத்தில் தொடராகப் போடுங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லியாம்ப் ஓட வேண்டும். ஓ 2இபி 43 கொடுத்தால் இடைநிறுத்தக் குறி போகும், மின்னோட்டம் பூஜ்யத்துக்கு இறங்கும். ஓ 2இபி 03 கொடுத்தால் மீண்டும் ஏறும். +12இலிருந்து வளையத்துக்குப் போகும் பாதையில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். 12இலிருந்து எல்இடிக்கும் டிரான்சிஸ்டருக்கும் சேர்த்து 1.7 வோல்ட் கழித்து 470ஆல் வகுத்தால் 22 மில்லியாம்ப் அளவு வரும். அது இருந்தால் இந்தக் கார்டுதான் வளையத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பக்கம். இண்டிகேட்டர் பெட்டியை வாங்கும் பக்கமாக வைக்க வேண்டும். இரண்டுமே வாங்கும் பக்கமாக இருந்தால் மின்னோட்டமே ஓடாது, எல்லாப் பாகமும் நல்லதாக இருந்தும் நாள் கணக்கில் தேட வேண்டி வரும்.

பழையபெட்டி_சிப்புட்
470 ஓம் இருக்கிறது. பெறும் பக்கத்து 6என்138 திறந்த சுற்றுதான். சாக்கெட் வைத்து 6என்139 போட்டேன். சும்மா இருக்கும்போது 21 மில்லியாம்ப், 43 கொடுத்தால் 0. வெளிவளையத்தில் 55 திரும்புகிறது.

யாருக்காவது இதே கார்டு கிடைத்தால்: இணைப்பியில் 9ம் 11ம் அனுப்பும் வளையம், 18ம் 25ம் பெறும் வளையம். ஐபிஎம் வைத்த அதே வரிசை. ஜே1 மேலே ஆர்எஸ்-232, கீழே வளையம். ஜே2 ஐஆர்கியூ 4, ஜே3 ஐஆர்கியூ 3, இரண்டில் ஒன்றை மட்டும் போட வேண்டும். ஒரு கேள்வி மட்டும் மீதி: டாஸில் தொடர் போர்ட்டை அமைக்கும் மோட் கட்டளை காம்4 இல்லை என்கிறது.

ஈயப்பற்று
டாஸ் 3.3க்கு காம்4 தெரியும். எக்ஸ்டியின் பயாஸ் 3எஃப்8, 2எஃப்8 இரண்டை மட்டும் தேடுவதால்தான் பட்டியலில் வரவில்லை. டீபக்கில் ஈ 40:6 இ8 02 என்று எழுதிவிட்டு வெளியேறி மோட் கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும். பெட்டியை அணைத்தால் போய்விடும், ஆகவே ஆட்டோஎக்ஸெக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஐஆர்கியூ 3இல் காம்2 ஏற்கெனவே இருந்தால் இந்தக் கார்டை 4க்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஏ (இந்தப் பெட்டியின் ஸ்லாட் வகை) தடத்தில் இரண்டு கார்டுகள் ஒரே கோட்டைப் பகிர முடியாது, ஒன்றின் குறியை மற்றொன்று அமுக்கிவிடும்.

பிசிபி_மலர்
எடைமேடை கேபிளோடு மறுபடி இணைப்பதாக இருந்தால் இரு முனையிலும் மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் வாயுக் குழாய்ப் பாதுகாப்பும், அதற்குப் பின் ஒவ்வொரு கம்பிக்கும் 10 ஓம் ரெசிஸ்டரும், கார்டுப் பக்கம் 15 வோல்ட் டிவிஎஸ் (பாய்ச்சலை அடக்கும்) டையோடும் போடுங்கள். பெறும் எல்இடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டையோடு. கேபிளின் உறைக்கம்பியை ஆபீஸ் பக்கம் மட்டும் தரையோடு கட்டுங்கள், மேடைப் பக்கம் திறந்தே இருக்கட்டும்.